காதுக்கு சார்ஜ் போட்டாச்சா?

சிங்கப்பூரில் ஒரு ஹோட்டல் அறை. ஏசி ஓடுகிறது. விளக்கு எரிகிறது. ஆனால் கதவோரம் சுவரில் இருக்கும் சின்னப் பெட்டியில் செருகியிருப்பது ஹோட்டல் கொடுத்த கார்டு அல்ல…

எங்கள் ரேஷன் கார்டு!

நம்ப மாட்டீர்கள். செருகிய எனக்கே இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. போன வாரம் இந்தப் பக்கத்தில் ஏன் உங்களைக் காணோம் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். பென்னாகரத்திலிருந்து நாங்கள் நான்கு பேர் — நான், கணவர், ஐந்து வயது மகள் கயல், மாமனார் — சிங்கப்பூர் போயிருந்தோம்.

என்ன விசேஷம்? நாத்தனார் பிரியாவின் பையனுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? பிள்ளையால் ஊருக்கு வர முடியாவிட்டால் மடிதான் அங்கே போக வேண்டும். என் கணவரின் மடிக்கு விமான டிக்கெட் எடுத்தோம். கூடவே நாங்களும் ஒட்டிக்கொண்டோம்.

மாமியார் ஒரு மாதம் முன்பே போய்விட்டார். பிரியாவின் ஃப்ளாட் சின்னது. அதனால் எங்களுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய ஹோட்டலில் அறை.

கயலைப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: காது மெஷின் மாட்டினால்தான் அவளுக்குக் கேட்கும். இரண்டு காதுக்கும் இரண்டு. தினமும் படுக்கப் போகுமுன் கழற்றி, ஒரு குட்டிப் பெட்டியில் வைத்து சார்ஜ் போட வேண்டும். “காதுக்கு சார்ஜ் போட்டாச்சா?” — எங்கள் வீட்டில், கதவைப் பூட்டியாச்சா என்பதற்கும் முன்னால் வரும் கேள்வி இது.

இந்தப் பயணத்தில் கயலுக்கு ஒரே ஓர் ஆசை. வீடியோ காலில் பாப்பா அழ ஆரம்பித்தால் போதும், “அப்பறமா கூப்புடறனுங்கண்ணி” என்று பிரியா கட் பண்ணிவிடுவாள். அதனால் தன் அத்தை மகன் அழுது கயல் கேட்டதே இல்லை.

“பாப்பா அழுதா எனக்குக் கேக்குமா ம்மா?”

“கேக்கும் கண்ணு.”

“சத்தமா?”

“காது குத்தறப்ப அழுவான் பாரு. நல்லாக் கேக்கும்.”

வாக்குக் கொடுத்துவிட்டேன். அவள் நிம்மதியாகத் தூங்கினாள். எனக்குத்தான் தூக்கம் போனது.

அந்த ஊர் கரண்ட் இந்த மெஷினுக்கு ஒத்துக்கொள்ளுமா? சார்ஜர் உருகிவிட்டால்? வெடித்துவிட்டால்? இணையத்தில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது… ஆளாளுக்கு ஒரு விதமாகப் பயமுறுத்தினார்கள். கடைசியில் சார்ஜரின் முதுகில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்தை ஃபோனில் படம் எடுத்து, பெரிதாக்கிப் படித்தேன். இன்புட் 100 முதல் 240 வோல்ட் வரை. அப்படியென்றால் எந்த ஊர் கரண்ட்டும் இதற்குச் சேரும். சிங்கப்பூரில் வோல்டேஜ் ஏறக்குறைய நம் ஊர் அளவுதான். சுவரில் இருக்கும் ஓட்டையின் வடிவம்தான் வேறு. அதற்கு ஓர் அடாப்டர் போதும்.

உடனே நம்பிவிட்டேனா என்ன? மெஷின் வாங்கிய இடத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். அதையேதான் சொன்னார்கள். மறுநாள் திரும்பவும் போட்டேன், வேறு ஆள் எடுத்தால் வேறு பதில் வருமோ என்று. அதே ஆள்தான் எடுத்தார்!

தர்மபுரியில் அடாப்டர் வாங்கப் போன கடையிலும் விடவில்லை.

“இதுல ஃபியூஸ் இருக்குதுங்களா? பின்னு லூஸா ஆடாதுங்களே? ரொம்ப நேரம் போட்டா சூடாவுமுங்களா?”

கடைக்காரப் பையன் அடாப்டரைக் கீழே வைத்தான். “அக்கா, நீங்க சிங்கப்பூருதான போறீங்க? நெலாவுக்கா?”

சிரிக்கட்டும். இந்த அடாப்டர் விஷயத்தில் ஒன்றை மட்டும் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. அது ப்ளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் மிக்ஸியைச் சுமந்துகொண்டு போகிறவர்கள், முதலில் அதன் முதுகைப் படியுங்கள். மனிதர்களும் இப்படித்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பிரியா போய் இத்தனை வருடம் ஆகிறது. முடி மாறிவிட்டது, உடை மாறிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் அதே பென்னாகரத்து வோல்டேஜ்!

சரி, கிளம்பினோம். பெங்களூரு ஏர்போர்ட்டில் பெட்டியைப் போடும் இடத்தில், “பவர் பேங்க் உள்ளே இருக்கிறதா?” என்று கேட்டார்கள். அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லியிருந்தேன். என் கணவர் திருதிருவென்று விழித்தார். வரிசையே வேடிக்கை பார்க்க, பெட்டியைத் திறந்தோம். ராகி மாவு வந்தது. புளி வந்தது. மோர் மிளகாய் வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் பவர் பேங்க்.

“களி மாவுக்கு அடியில அத என்னாத்துக்குடா வெச்ச?” என்றார் மாமனார்.

அப்படி மீட்டெடுத்த பவர் பேங்க்கை, விமானம் ஏறுவதற்கு முன்பே எருது விடும் விழா வீடியோ பார்த்துக் காலி செய்தவரும் அதே மாமனார்தான்.

விமானத்தில் போகும்போது கயல் மெஷினைக் கழற்றவே விடவில்லை. காலையில் இறங்கியதும் அவளே சொன்னாள்: “அம்மா, காது பீப்பீப்னு கத்துது… நின்னுடுச்சு.”

சாயங்காலம் காது குத்து. பகல் முழுக்க இருக்கிறதே, போதாதா? அறைக்குள் போனதும் முதல் வேலையாக அடாப்டரை மாட்டி, கட்டில் மெத்தை எதிலும் படாமல் கண்ணாடி மேசை மேல் பெட்டியை வைத்து, சார்ஜ் போட்டேன். பச்சை விளக்கு மினுக்கியது. அப்பாடா!

திரும்பிப் பார்த்தால், அந்தப் பக்கம் என் கணவர் ஹோட்டல் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு பாயிண்ட் முன்னால் குனிந்திருக்கிறார். தன் ரெண்டு பின் சார்ஜரை உள்ளே தள்ளுவதற்காக, மேல் ஓட்டையைப் பேனாவால் குத்தப் போகிறார்!

“என்னங்க பண்றீங்க!”

“அடாப்டர் ஒண்ணுதான இருக்குது? நம்ம வூட்டுல பண்றதுதான…”

உண்மைதான். எங்கள் வீட்டில் பாதி ப்ளக் தீக்குச்சியின் தயவில்தான் நிற்கிறது. அதற்காகக் கடல் தாண்டி வந்தும் அதே வித்தையா? பேனாவைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். (ஹோட்டல்காரர் மன்னிக்க. ஊருக்கே வந்துவிட்டது.)

குளித்து, பிரியா வீட்டுக்குக் கிளம்பினோம். நானும் கணவரும் கயலும் முன்னால் லிஃப்டுக்குப் போனோம். மாமனார் கடைசியாகக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். சார்ஜ் ஏறும் பெட்டியைத் தனியாக விட்டுவிட்டு வருகிறோமே என்று எனக்கு உறுத்தல். வழியெல்லாம் என் கண்ணுக்குள் அந்த மேசை தீப்பிடித்து எரிந்துகொண்டே இருந்தது. பிரியா வீட்டில் சாப்பாடு முடிந்ததும் கைவேலையைப் பாதியில் விட்டுவிட்டு, கயலையும் மாமனாரையும் கூட்டிக்கொண்டு அறைக்குத் திரும்பினேன்.

மேசை எரியவில்லை. எதுவுமே எரியவில்லை. சார்ஜரின் பச்சை விளக்கும்தான்.

மெஷினை எடுத்துக் கயல் காதில் மாட்டினேன். உதட்டைப் பிதுக்கினாள். செத்துக் கிடக்கிறது.

அவ்வளவுதான், பொசுங்கிவிட்டது! நான் படித்த நூறும் பொய், இருநூற்று நாற்பதும் பொய்… கத்தி அழ வேண்டும் போல இருந்தது. முடியாது. மெஷின் இல்லாத நேரத்தில் என் முகம்தான் கயலுக்குப் புத்தகம். அதில் ஒரு எழுத்து மாறினாலும் கண்டுபிடித்துவிடுவாள். பல்லைக் காட்டிச் சிரித்தேன்.

“ஏம்மா பொய்யா சிரிக்கற?” என்றாள்.

அப்போது மாமனார் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துச் சுவர்ப் பெட்டியில் செருகினார். பளிச்சென்று விளக்கு! ஏசி உறுமியது! மேசை மேல் பச்சை மினுக்கியது!

“மாமா… ஹோட்டல் கார்டை எப்ப எடுத்தீங்க?”

“காத்தால பூட்டறப்பவே எடுத்துட்டனே! இந்த ஊருக்காரன் நம்மளாட்டமே இருக்கறாம்மா. அந்தக் கார்ட உருவுனா மெயினே ஆஃப் ஆயிருது. எத்தன வசதி!”

விஷயம் புரிந்தது. எங்கள் மாமனார் வீட்டை விட்டு எங்கே கிளம்பினாலும் மெயினை அணைக்காமல் போக மாட்டார். மாமியார் உள்ளே மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருக்கும்போதே அணைத்துவிட்டுப் போனவர். “மெயின் ஆஃப் பண்ணிட்டன்!” — தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். கயலுக்கு அது ஒரு விளையாட்டு. பொம்மையைத் தூங்க வைத்தாலும் “மெயின் ஆஃப்!” என்பாள்.

அவரைக் கோபித்துக்கொள்ள முடியுமா? தீப்பிடிக்குமே என்று நான் பயந்த நேரமெல்லாம் அந்த அறையில் கரண்ட்டே இல்லை! சார்ஜர் உயிரோடு இருக்கிறது, அது போதும். நான் நிஜமாகவே சிரித்தேன். கயலும் சிரித்தாள்.

ஆனால் சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நிமிடமும் ஏற வேண்டும். அந்த நேரம் பார்த்து என் கணவரிடமிருந்து போன்: “கீழ நிக்கறன். கடுக்கனும் சீர்த்தட்டும் ரூம்லயே இருக்குது. லிஃப்டு கார்டு கேக்குது, யாராச்சும் வாங்க!”

லிஃப்டுக்கும் அந்தக் கார்டு. கரண்ட்டுக்கும் அந்தக் கார்டு. கொடுத்திருப்பதோ ஒன்றே ஒன்று.

இரண்டு நிமிடம் கரண்ட் நின்றால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. இது இப்போது தெரிகிறது. அப்போது? கார்டின் மேல் கை வைக்கவே மனம் வரவில்லை. அந்த ஓட்டைக்கு வேறு ஏதாவது கார்டு சேராதா? கைப்பையில் என் ஃபைல் கண்ணில் பட்டது. வீட்டில் இருக்கிற ஆவணத்தையெல்லாம் அதில் அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். “ரேஷன் கார்டு எதுக்கு? அங்க போயி பாமாயில் வாங்கப் போறயா?” என்று என் கணவர் கேலி செய்த அதே ஃபைல்.

அறைக் கார்டை உருவி, விளக்கு அணைவதற்குள் ரேஷன் கார்டைச் செருகினேன். ஏசி ஓடியது. விளக்கு எரிந்தது. பச்சை மினுக்கிக்கொண்டே இருந்தது!

மாமனார் வாயைப் பிளந்தார். “நம்மூரு கார்டுக்கு இங்க கரண்ட்டே குடுக்கறானே! அரிசி போடுவானான்னு கேளும்மா!”

அவர் கீழே போய் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். உள்ளே நுழைந்த என் கணவர், சுவர்ப் பெட்டியில் எட்டிப் பார்க்கும் ரேஷன் கார்டைப் பார்த்தார். சீர்த்தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாமாயில் பேச்சு அன்றோடு முடிந்தது.

நானும் கயலும் மாமனாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். கிணற்று மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பது போல, அவர் அவ்வப்போது புறங்கையால் சார்ஜரைத் தொட்டுப் பார்த்தார். “சூடே இல்ல. நல்லா ஓடுது.” உடனே நானும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவர் சொன்னால் மட்டும் நம்பிவிடுவேனா?

கிளம்பும் நேரத்தில் மெஷினை மாட்டினேன். “கயல்” என்றேன் மெதுவாக, அவள் முதுகுக்குப் பின்னால் நின்று.

“என்ன ம்மா?” என்று திரும்பினாள்.

அந்த “என்ன ம்மா”வுக்காக இன்னொரு சிங்கப்பூர் போகலாம்.

பிரியாவின் அடுக்குமாடிக்குக் கீழே நாற்காலி போட்டு விசேஷம். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பாப்பா என் கணவர் மடியில் உட்கார்ந்து, கையில் கொடுத்த வாழைப்பழத்தைப் பிசைந்துகொண்டிருந்தான். கயல் முதல் வரிசையில். முதல் காது. பாப்பா வாயைத் திறந்தான். ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு…

கயல் கண்கள் விரிந்தன. “அம்மா! கேக்குது! பாப்பா அழறான்! கேக்குது!” எழுந்து குதித்தாள், கை தட்டினாள். கதறும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என் கணவர் கண்ணைத் துடைத்தார். நானும் துடைத்தேன். பிரியாவும்தான், ஆனால் அவள் காரணம் வேறு. ஒரு குழந்தை அழுததற்கு இத்தனை பேர் சந்தோஷப்பட்டதை அந்தக் கட்டடம் பார்த்திருக்காது.

இரண்டாவது காது. இப்போது பாப்பா முழு வோல்டேஜில் கத்தினான். மேல் மாடியில் ஜன்னல்கள் திறந்தன. நிற்கிறபாடில்லை. மாமனார் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். நான் கயலைப் பார்க்கத் திரும்பினேன்.

மகாராணி மாதிரி சாய்ந்து உட்கார்ந்து லட்டு தின்றுகொண்டிருந்தாள். மெஷின் இரண்டும் மடியில்.

“என்னாச்சு கண்ணு?” என்றேன் பதறிப்போய். என் உதட்டைப் படித்தாள்.

“அழுததுதான் கேட்டுட்டனே ம்மா. இன்னும் கத்திட்டே இருக்கறான். அதான் மெயின் ஆஃப் பண்ணிட்டன்!”

அந்தக் கூட்டத்தில், ஸ்விட்ச் வைத்த காது அவளுக்கு மட்டும்தான் இருந்தது!