எழுதிவிட்டு நகர்த்துபவர்

டெல்லி ஆர்.கே.புரத்தில் அரசு ஊழியர்களுக்கு நடந்த ரேபிட் செஸ் போட்டியின் கடைசிச் சுற்றில் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார். கையில்லாத ஸ்வெட்டர், சட்டைப் பையில் மூன்று பேனா. ஏதோ அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருக்க வேண்டும். நான் பெயர் கேட்கவில்லை.

ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம். அவசர ஆட்டம் என்பதால் நகர்த்தல்களை யாரும் எழுத வேண்டியதில்லை. அவர் எழுதினார். முதலில் தாளில் எழுதி, சுருக்கொப்பம் போட்டு, தேதியும் இட்ட பிறகுதான் காயைத் தொட்டார். நான் ருய் லோபஸ் என்ற பழைய தொடக்க முறையில் ஆரம்பித்தேன். இருவருக்கும் மனப்பாடமான முதல் எட்டு நகர்த்தல்களுக்கே அவருக்கு ஆறு நிமிடம் போனது.

“ரேபிட்ல எழுத வேண்டாம் சார்,” என்றேன்.

“அச்சா. நாளைக்கு யாராவது கேட்டா?” என்றார்.

மனிதர் பிரமாதமாக ஆடினார். கடைசியில் ராணியை ஒரு கட்டம் நகர்த்தினால் என் ராஜா மேட். அதை எழுதினார். சுருக்கொப்பமிட்டார். தேதி போடும்போது அவர் கடிகாரத்தின் சிவப்புக் கொடி விழுந்தது. பரிசு வாங்க எனக்கு அந்த ஒரு வெற்றி தேவைப்பட்டது. கையைத் தூக்கினேன். அவருக்கு நேரம் முடிந்துவிட்டது, வெற்றி எனக்கு என்றார் நடுவர்.

அவர் முகம் மாறவில்லை. தேதியை முடித்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார்.

“இங்க ஒரு கையெழுத்து போடுங்க சார்.”

போட்டேன். பரிசுக் கோப்பை என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. டெல்லியில் ஏதோ ஒரு ஃபைலில் நான் மேட் ஆகிக் கிடக்கிறேன், என் கையெழுத்தோடு.