ஃபோம் போடாத படகு

என் கணவர் பள்ளி ஆசிரியர். வகுப்பில் யாரை மட்டம் தட்டினால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் அந்த இடம் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு விடுமுறை, ஏனென்றால் அன்றைக்கு என் தம்பி வருவான்.

நாங்கள் பினாங்குத் தீவில் இருந்தோம். தம்பி கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் அப்பா அம்மாவோடு இருந்தான். ஒரு கப்பல் ஏஜென்சியில் கிராணி வேலை, கணக்கு எழுதுவது. மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் ஃபெரி ஏறி வந்துவிடுவான். அத்தான் எவ்வளவு கேலி செய்தாலும் சிரிப்பான். அவருக்குப் பிடித்தவனாக இருக்க வேண்டும் என்று அப்படி ஒரு ஆசை அவனுக்கு.

பினாங்குப் பாலத்தின் தூண்கள் கடலில் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கணவர் பத்து மாவுங் என்ற மீனவர் கிராமத்தில் ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கி, லாரியில் கொண்டுவந்து எங்கள் வீட்டுப் போர்ச்சில் இறக்கினார். அதைப் புதுப்பிக்கும் வேலையில் தம்பிதான் எடுபிடி. தரையை அறுத்துத் திறந்தபோது உள்ளே முழுக்க மஞ்சள் ஃபோம். படகில் தண்ணீர் ஏறினாலும் மூழ்காமல் மிதக்க வேண்டும் என்பதற்காக அடைத்து வைத்தது. வருடக்கணக்கில் தண்ணீர் குடித்துக் குடித்து அழுகியிருந்தது. தம்பி அதைக் கையால் பிய்த்துப் பிய்த்து வாளியில் போட்டான். ஒவ்வொரு துண்டும் நனைந்த அரிசி மூட்டை மாதிரி கனத்தது. வீடெல்லாம் சேற்று நாற்றம்.

"புது ஃபோம் எங்க வாங்கறது அத்தான்?" என்று கேட்டான்.

"எதுக்கு? திரும்பவும் தண்ணி குடிக்கவா? காலியா விட்டுட்டு மேல மூடிடலாம். படகு லேசா பறக்கும்."

"ஓட்டை விழுந்தா?"

"உள்ள காத்து இருக்குலா. காத்து மிதக்காதா?"

"காத்து வெளிய போயிடுமே அத்தான். ஃபோம் போகாது."

கணவர் என் பக்கம் திரும்பினார். "கேட்டியா? ஒன் தம்பிக்கு நீச்சல் தெரியாது. அதான் ஐயா படகு சாத்திரம் பேசறாரு."

தம்பி சிரித்தான். ஆனாலும் விடவில்லை. அடுத்த வாரம் படகுப் பட்டறை வைத்திருந்த சீனரை அழைத்து வந்தான். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, காலியாகவும் விடலாம், ஆனால் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இறங்காதபடி தரையை ஒட்டி மூட வேண்டும், அது முடியாவிட்டால் ஃபோம்தான் நல்லது என்றார். அந்தப் பேச்சில் 'காலியாகவும் விடலாம்' என்பது மட்டும் கணவர் காதில் விழுந்தது. பள்ளி விடுமுறை முடிவதற்குள் படகை இறக்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் இடுக்குகளை ஒட்டாமலே பலகைகளை வைத்துத் திருகாணி முடுக்கி, மேலே சாயம் அடித்தார். பளபளவென்றுதான் இருந்தது.

கடலில் இறக்கிய அன்று நாங்கள் எல்லோரும் பத்து மாவுங் போனோம். எங்கள் மகனுக்கு அப்போது நாலு வயது. தம்பி தன் செலவில் ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்கி வந்திருந்தான். அதை மாட்டிக்கொண்டு படகில் ஏறப் போனவனைப் பார்த்து, துறையில் நின்ற தன் நண்பர்களுக்கும் கேட்கும்படி கணவர் சொன்னார்:

"பொட்டக்கோழி முட்டை போடப் போவுது பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். தம்பி முகம் சிவக்க அதைக் கழற்றி என்னிடம் கொடுத்தான்.

"போட்டுக்கடா" என்றேன்.

"சும்மா இருக்கா, கிட்டத்துலதானே போறோம்."

இருவர் மட்டும் போனார்கள். கணவர் தனியாகத் திரும்பி வந்தார், ஒரு மலாய்க்கார மீனவரின் சம்பான் படகில், துண்டு போர்த்திக்கொண்டு. நான் சம்பானுக்குள் எட்டிப் பார்த்தேன். வலையும் வாளியும் இருந்தன.

"தம்பி எங்க?"

"பாலத்துக்குக் கல்லு ஏத்திப் போற பார்ஜ் அலை அடிச்சது. தண்ணி ஏறிடுச்சு" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "என் கழுத்த புடிச்சு அமுக்கிட்டான். நான் ஒதறாம இருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம்" என்றார்.

அந்த மீனவர் என்னைத் தனியே அழைத்து மலாயில் சொன்னார். படகு பின்பக்கமாகக் கல் மாதிரி இறங்கியதாம். பிடித்துக்கொள்ளத் தண்ணீருக்கு மேலே ஒன்றுமே மிஞ்சவில்லையாம். அவர் இயந்திரத்தை முடுக்கிக்கொண்டு வந்தபோது, பெரியவர் கடலில் நட்டிருந்த மீன் கூண்டின் கழிகளை நோக்கி நீந்திக்கொண்டிருந்தாராம். சின்னவர் கொஞ்ச நேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். மலாயில் அத்தானுக்கும் 'அபாங்'தான். 'அபாங், அபாங்' என்றா கூப்பிட்டான் என்று கேட்டேன். இல்லை, உங்கள் பாஷையில் ஏதோ என்றார்.

ஜெரஜாக் தீவுக்குப் பக்கத்தில் உடல் ஒதுங்கியது. அடக்கத்தன்று அப்பா என் கணவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது வந்து சேந்தீங்களே மாப்பிள்ள" என்று அழுதார். கணவர், "நீச்சல் கத்துக்கோன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன் மாமா, கேட்டாத்தானே" என்றார்.

"ஃபோம் போடச் சொல்லி அவன் கெஞ்சினான்பா. இவருதான் போடல. ஜாக்கெட்டக்கூட கழட்ட வச்சாரு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப்போனாள். பளீரென்று ஒரு அறை விட்டாள்.

"ஒரு புள்ளய பறிகொடுத்துட்டேன். நீயும் வாழாவெட்டியா வந்து நிக்கப் போறியா? வாய மூடு."

முப்பதாம் நாள் பூசை முடிந்த சில வாரங்களில், மீனவர்களைப் பிடித்துப் படகை வெளியே எடுத்தார் கணவர். மறுபடியும் அது எங்கள் போர்ச்சுக்கு வந்தது. ஒரு காலையில் துணி காயப்போட வெளியே வந்தேன். இரண்டு டப்பாக்களில் இருந்த ஃபோம் மருந்தைக் கலக்கித் தரைக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். அது பொங்கி எழும்பி, மஞ்சளாக இறுகி, ஒவ்வொரு மூலையையும் அடைத்தது. மிச்சமாய் வழிந்ததைக் கத்தியால் பொறுமையாக, ஒழுங்காக அறுத்தார்.

"இப்ப எதுக்கு இது?" என்றேன்.

"பாதுகாப்புக்கு."

"தம்பி ஏறினப்ப அது வேணாமா?"

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இனிமே என் மகன் வரப்போறான்லா" என்றார்.

அன்றைக்கே பையனையும் ஒரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஃபெரி ஏறினேன். அம்மா சோறு போட்டாள். மறுநாள் காலை அப்பா அதே பெட்டியைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு, என்னைத் திரும்ப அழைத்துவந்து வாசலில் விட்டார். "சின்னப் புள்ள, தெரியாம வந்துட்டா மாப்பிள்ள" என்றார். எனக்கு அப்போது முப்பது வயது. கணவர் அப்பாவுக்கு பியர் உடைத்துக் கொடுத்தார். இருவரும் படகின் பக்கத்தில் நின்று குடித்தார்கள்.

பிறகு அங்கேயேதான் இருந்தேன். அந்தப் படகு பல வருடம் ஓடியது, ஒருமுறைகூட மூழ்கவில்லை. மகன் அதில்தான் வளர்ந்தான். நன்றாக நீந்துவான், தகப்பனைப் போலவே கிண்டலும் பேசுவான். மாமா நீச்சல் தெரியாததால் செத்தார் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த கதை. அவன் பதினேழு வயதில் ஐந்தாம் பாரம் படித்தபோது ஒருநாள் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான். அன்று சாப்பிடும்போது தகப்பனிடமே கேட்டுவிட்டான்.

"அப்பா, மாமா போனப்ப படகுல ஃபோம் இல்லியாமே?"

கணவர் மீனிலிருந்து முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "ஆமா, போடல. அதுக்கு என்ன இப்ப?" என்றார்.

மகன் என்னைப் பார்த்தான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தான். பிறகு, "அம்மா, இன்னும் கொஞ்சம் கொழம்பு" என்றான்.