ஆறு புட்டிப் பால்

யுகேந்திரன் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கொண்டெய்னர் லோரி ஓட்டுபவன். நாற்பதடி வண்டியைப் பின்பக்கமாகவே சந்துக்குள் நுழைத்துவிடும் கை அவனுக்கு. அந்தக் கைக்குத் தன் மகளைத் தொட மட்டும் இன்னும் தைரியம் வரவில்லை.

குடல் வயிற்றுக்கு வெளியே இருக்கப் பிறந்தவள் அவள். அன்றே கோலாலம்பூர் மருத்துவமனை ஒன்றில் குடலை உள்ளே வைத்துத் தைத்தார்கள். பன்னிரண்டாம் நாள்தான், குழாய் வழியாக இரண்டு மில்லி தாய்ப்பால் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். கிள்ளான் பக்கம் மேருவில் இருந்த அடுக்குமாடி வீட்டில், பிரசவத்துக்குப் போட்ட வயிற்றுத் தையலும் ஆறாத அவன் மனைவி வாணி, ஆறு சின்னப் புட்டிகளில் பால் எடுத்துக் கொடுத்தாள். ஐஸ் பெட்டியோடு இறங்கியவனைப் படிக்கட்டில் மடக்கினாள் கீழ்வீட்டுப் புஷ்பவல்லி. சத்துமாவு, மாத்திரை என்று வீடு வீடாக விற்பவள். ஒரு பொடிப் பாக்கெட்டை அவன் கையில் திணித்தாள்.

"இதுல உயிருள்ள நல்ல கிருமி இருக்கு தம்பி. குடலுக்கு அமிர்தம் லா. சும்மா எடுத்துக்க, நம்ம புள்ளைக்குத்தானே."

ஒரு சிட்டிகை. ஒரே ஒரு புட்டியில்தான் போட்டான். பாக்கெட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

வார்டில் தாதி மார்க்கிரட் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"பால் மட்டும்தானே அப்பா? வேற ஒண்ணும் கலக்கல?"

"இல்ல மிஸ்ஸி."

சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனான். முழங்கைவரை கழுவு, கிருமியை உள்ளே கொண்டுவராதே என்று சுவரில் எழுதியிருந்தது. பன்னிரண்டு நாளாகப் பார்க்கும் எழுத்து. சோப்பு நுரையோடு அப்படியே நின்றான். கையில் இருப்பதைக் கழுவிவிடலாம். புட்டியில் போட்டதை?

உள்ளே மார்க்கிரட் ஊசிக்குழலில் பாலை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"மிஸ்ஸி! குடுக்காதீங்க!"

வார்டே திரும்பிப் பார்த்தது. ஈரக்கையால் பாக்கெட்டை எடுத்து நீட்டினான். அவள் படித்தாள். திட்டவில்லை.

"நமக்கு இது ஒண்ணும் செய்யாம போகலாம். இவ குடல் இப்பதான் தைச்சது அப்பா. ரத்தக்குழாய்ல ட்யூப் வேற இருக்கு. இந்தக் கிருமி ரத்தத்துல ஏறிட்டா இவ தாங்க மாட்டா. எதுவானாலும் டாக்டர் சொல்லணும். எந்தப் புட்டி?"

"தெரியல மிஸ்ஸி. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

ஆறும் தொட்டியில் போயின. தண்ணீர் வெள்ளையாகி மறுபடி தெளியும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வாணிக்கு ஃபோன் அடித்து எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"பாப்பா குடிக்கலதானே?"

"இல்ல."

"அப்ப திரும்பி வா. மறுபடியும் எடுக்கிறேன். படிக்கட்டுல கீழ்வீட்டு அக்காவைப் பார்த்தா நீ வாயத் திறக்காதே, நான் பேசிக்கிறேன்."

மாலையில் இரண்டே புட்டிகள். மார்க்கிரட் கேட்குமுன்பே சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினான்.

"பால் மட்டும்தான்."

"சரி, கையக் கழுவிட்டு வாங்க. இதை நீங்களே பிடிங்க."

மகளின் மூக்குக் குழாயில் பொருத்திய ஊசிக்குழலை அவன் கையில் கொடுத்தாள். இரண்டு கையாலும் அவன் இறுக்கிப் பிடித்ததில் குழல் ஆடியது.

"ஆட்டாதீங்க அப்பா, இது லோரி இல்ல."

மூச்சைப் பிடித்துக்கொண்டான். வாணியின் பால் கோடு கோடாய் இறங்கி, மெல்ல மகளுக்குள் போனது.