கரண்ட் வந்தால் நின்றுபோகும் நாடகம்

மெயின் சுவிட்சுக்கு மேலே ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. சிவப்பு நிறம்தான், பஞ்சுத் தூசி அப்பி அப்பி என்ன நிறமென்றே தெரியாமல் போயிருந்தது. ஜலகண்டாபுரத்துத் தறிப்பட்டறையில் வேலை பார்த்த காலமெல்லாம் நான் அதிகம் வெறுத்தது அதைத்தான். ஆளை வெறுக்கலாம், அதில் அர்த்தமிருக்கிறது. பல்பைப் போய் யாராவது வெறுப்பார்களா? நான் வெறுத்தேன். கரண்ட் போனால் அது அணையும், தறிகள் அத்தனையும் ஒன்றாக நிற்கும், காதுக்குள் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் ஓடும். அப்போது எங்கள் அண்ணி முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு நடுவில் வந்து நிற்பார். நாடகம் தொடங்கும். பல்பு எரிந்துவிட்டால் யார் எந்த வசனத்தில் இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டுத் தறிக்கு ஓட வேண்டும். அதனால் அண்ணியின் நாடகம் ஒருநாளும் முடிந்ததில்லை.

அண்ணி என்றால் என் பெரிய அண்ணன் மனைவி. குமாரபாளையத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவர். எனக்குப் பக்கத்துத் தறி. வாய் என்றால் அப்படியொரு வாய். பின்னாளில் பட்டணத்திலிருந்து வந்த ஒருவர், நடிப்பை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று பயபக்தியோடு கேட்டபோது, "எங்க மாமியாருகிட்டத்தானுங்க. மருமவளா வந்துட்டு நடிக்காம இருக்க முடியுங்களா?" என்றார். அந்த மாமியார் என் அம்மா. நான் முறைத்தேன். அவர் கண்ணடித்தார். கேட்டவர் இதையும் எழுதிக்கொண்டார்.

நாடகத்தின் கதை சின்னது. மாரியம்மன் மாறுவேஷத்தில் தறி ஓட்ட வேலைக்கு வருகிறாள். கோயிலில் ஊற்றிய கூழையெல்லாம் குடித்துவிட்டு வந்தவள், கொஞ்ச நேரத்தில் நெளிந்துகொண்டே முதலாளியிடம் கேட்கிறாள்: "ஏனுங்க, எங்கீங்க போறது?" இதுதான் முதல் வசனம். இதற்கே பட்டறை அதிரும். ஏனென்றால் எங்கள் பட்டறையில் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. ஆண்கள் பின்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிடுவார்கள். நாங்கள் இருட்டிய பிறகு கருவேலங்காட்டுக்குப் போக வேண்டும், அதுவரை அடக்க வேண்டும். அடக்க முடியாது என்று தண்ணீரே குடிக்காமல் இருந்தோம். நீர்க்கடுப்பு வராத பொம்பளை அந்தப் பட்டறையில் இல்லை. அண்ணிக்கு அது வந்தால் தறித்தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். அப்படி நின்ற ஒரு நாளில்தான் இந்தக் கதை அவருக்கு வந்தது.

கண்மையால் மீசை வரைந்துகொண்டு முதலாளி வேஷம் கட்டியது நான். "ஆத்தா, நீ சாமியாச்சே, அடக்கிக்க மாட்டயா?" என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கடைசிக் காட்சியில் அம்மன் சூலத்தை எடுக்க மாட்டாள், சாபமும் விட மாட்டாள். பட்டறைப் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் முதலாளி வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் வீட்டுக் கக்கூஸைத் திறந்துவிடுங்கள் என்று கேட்பாள். கதவுக்கு ஒரு போர்வை வைத்திருந்தோம். அந்தப் போர்வையைப் பிரிக்கும் வேளையே வராது. அதற்குள் பல்பு எரிந்துவிடும். அடுத்த தடவை கரண்ட் போகும்போது வேறு ஷிப்டு ஆட்கள் இருப்பார்கள், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலாளிக்கு நாடகத்தின்மேல் பிரியம்தான். கரண்ட் போனால் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறவர்கள் நாடகம் இருந்தால் பட்டறையிலேயே கிடப்பார்களே! தானும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, என் மீசையைப் பார்த்துச் சிரித்து, எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டுப் போய்விடுவார். பாதிக்குமேல் இருந்ததில்லை. கதை தன் வீட்டுக் கதவில் வந்து நிற்கிறது என்று அவருக்குத் தெரியாது. அண்ணி என்னிடம் சொல்வார்: "அந்தாளு ஒரே ஒருக்கா கடசி வரைக்கும் ஒக்காந்து பாக்கோணும் சாமி. அப்பறம் கட்டித்தராம எப்படி இருப்பாருன்னு பாக்கறேன்."

சின்னச் சின்ன நாடகக் குழுக்களுக்கு விருது கொடுக்கிற விழா ஒன்று சேலத்தில் நடப்பதாகவும், அதற்கு எங்களைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும் விழாக்காரர் ஒருவர் வந்து சொன்னார். அண்ணியிடம் நடிப்பைப் பற்றிக் கேட்டுச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போனவரும் அவர்தான். மண் என்றார், வேர் என்றார், விளிம்பு என்றார். நாங்கள் உழைக்கிற தறியை மட்டும் அவர் சொல்லவில்லை. மேடையில் முழு நாடகத்தையும் போடலாம் என்றார். அண்ணி கேட்டது இரண்டே கேள்வி. எங்கள் முதலாளியையும் கூப்பிடுவீர்களா? மண்டபத்தில் ஜெனரேட்டர் உண்டா? இரண்டுக்கும் ஆமாம் என்றார். அன்று முழுக்க அண்ணி தறிச்சத்தத்துக்கு மேலே பாடிக்கொண்டிருந்தார்.

வேப்பிலைக் கொத்தும் போர்வையுமாக டவுன் பஸ்ஸில் செவ்வாய்ப்பேட்டை நெரிசலில் நசுங்கி மத்தியானமே மண்டபம் போய்ச் சேர்ந்தோம். அண்ணி முகமெல்லாம் மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, சாட்சாத் அம்மனாக மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சிறப்பு விருந்தினர் வரவில்லை. விளக்கு வைக்கும் நேரமாகியும் வரவில்லை. பின்னால் ஒரு கழிவறை இருந்தது, பூட்டியிருந்தது. சிறப்பு விருந்தினருக்காகக் கழுவி வைத்திருக்கிறார்களாம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அண்ணி, எழுந்து போய் விழாக்காரரிடம் கேட்டார்: "ஏனுங்க, எங்கீங்க போறது?"

அவர் கைதட்டினார். நாடக வசனம் என்று நினைத்துக்கொண்டார்! "பிரமாதம்மா, இதே பாவத்தை மேடையிலயும் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடமும் காட்டிச் சிரித்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமிக்கே பூசாரி சாவி கொடுக்கவில்லை. கிழவியாகி இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

ஒருவழியாகச் சிறப்பு விருந்தினர் ஐயா வந்து சேர்ந்தார். அடக்கிக்கொண்டுதான் அண்ணி நடித்தார். மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் எங்கள் முதலாளியும் தொடையில் தட்டிச் சிரித்தார். நான் போர்வையைப் பிரிக்கக் குனிந்தேன். அப்போது விழாக்காரர் மைக்கோடு மேடையேறினார். ஐயாவுக்கு அவசரமாகக் கிளம்ப வேண்டியிருக்கிறதாம், பொன்னாடைகள் காத்திருக்கின்றனவாம். கடைசிக் காட்சி ஒன்றுதான் இருக்கிறது, சீக்கிரம் முடித்துவிடுவோம் என்று நான் மீசையோடு கெஞ்சினேன். "அதான் எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சேம்மா" என்றார். என்ன புரிந்தது அவர்களுக்கு? நெசவு ஊரிலேயே பிறந்த எங்கள் எதிரில், எந்த ஊர்ச் சரக்கோ வழவழவென்று ஒரு துணியை ஆளுக்கு ஆள் போர்த்திக்கொண்டே இருந்தார்கள். அதற்கு நேரமிருந்தது. தன் பட்டறையையே அரங்கமாகக் கொடுத்த கலைப் புரவலர் என்று எங்கள் முதலாளிக்கும் ஒன்று போர்த்தினார்கள். அம்மா அப்படியே நில்லுங்கள் என்று அவர் பக்கத்தில் அண்ணியை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அண்ணி கையில் கண்ணாடிக் கேடயம். முகத்தில் சிரிப்பில்லை. அம்மனின் உக்கிரம் என்று அதையும் மேடையில் பாராட்டினார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணி கேடயத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "கரண்டு தேவல சாமி. அதுக்கு நாம யாருன்னு தெரியாது, நிறுத்துச்சு. இவிய தெரிஞ்சேதான நிறுத்துனாங்க?"

அடுத்து கரண்ட் போனது ஒரு முற்பகலில். பெண்கள் வழக்கம்போல வட்டமாக உட்கார்ந்தார்கள். அண்ணி கூழ் குடிக்கும் இடத்திலிருந்து தொடங்கவில்லை. மண்டபத்தில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். நான் போர்வையைப் பிரித்துக் கதவு பிடித்தேன். அதே நேரம், பாழாய்ப் போன பல்பு எரிந்தது. எனக்குக் கால் தானாகவே தறிப்பக்கம் திரும்பிவிட்டது. ஆனால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்திகூட எழவில்லை. அண்ணி பல்பைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். என் கையிலிருந்த போர்வையை வாங்கி மடித்துத் தறிமேல் போட்டார்.

"இது வேண்டாஞ்சாமி. நெசக் கதவே எதுத்தாப்ல இருக்குது."

வாசலைத் தாண்டி நடந்தார். அத்தனை பேரும் பின்னால் போனோம். முதலாளி வீடு சந்துக்கு அந்தப் பக்கம். கதவைத் திறந்தது அவர் சம்சாரம். அண்ணி கும்பிட்டு, "உங்க ஊட்டுக் கக்கூஸைக் கொஞ்சந் தொறந்து உடுங்க தாயி" என்றார். அந்தம்மா எங்கள் வரிசையைக் கடைசிவரை பார்த்தார். ஒதுங்கி வழிவிட்டார். ஒவ்வொருத்தியாக உள்ளே போய் வந்தோம். முதலாளி கூடத்தில் நின்றிருந்தார். அவர் தலைக்கு மேலே, பொன்னாடையோடு அம்மன் பக்கத்தில் நிற்கும் போட்டோ மாட்டியிருந்தது. அதை வைத்துக்கொண்டு எங்களை எப்படி விரட்டுவார்? தினமும் போனோம். கொஞ்ச நாளில் பட்டறை மூலையில் கக்கூஸ் எழும்பியது. அதன் சுவரில் 'உபயம்' என்று அவர் பேரைப் பொறித்த கல் வேறு! கக்கூஸ் திறந்த வாரமே, தறி கோளாறாக இருக்கிறது, சரிசெய்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்று அண்ணியை நிறுத்தினார். சொல்லி அனுப்பவேயில்லை. அண்ணி அம்மாபேட்டைப் பட்டறை ஒன்றுக்குப் போனார். அங்கேயும் பெண்களுக்கு ஒன்றும் கிடையாது. பல வருஷம் தண்ணீர் குடிக்காமல் கிடந்த உடம்பு, கடைசியில் சிறுநீரகத்தில்தான் கை வைத்தது. போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் முடித்துக்காட்டிய கடைசிக் காட்சிக்கு யாரும் கைதட்டவில்லை.

போன வாரம் விழாக்காரர்கள் போனில் பேசினார்கள். இனி ஒரு விருதுக்கு அண்ணியின் பேரையே வைக்கப்போகிறார்களாம். அழைப்பிதழில் அதே போட்டோ, முதலாளியும் பொன்னாடையுமாக. நான் வந்து பொன்னாடை வாங்கிக்கொண்டு சுருக்கமாகப் பேச வேண்டுமாம். அண்ணியின் நாடகத்தைப் போடலாமா என்று கேட்டேன். நேரம் இருக்காதும்மா என்றார்கள். முன்பு அவசரமாகக் கிளம்பிய ஐயாவைப் போல இப்போது வேறொரு ஐயா வருகிறாராம்.

பட்டறையில் இப்போது ஜெனரேட்டர் வைத்துவிட்டார்கள். அந்தப் பல்பு அணைவதே இல்லை என்கிறார்கள், அங்கே நாடகமும் இல்லை. விழாவுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் உயிரோடிருக்கும் பட்டறைப் பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டுதான் போவேன். மைக்கை என்னிடம் நீட்டுவார்கள். விளக்கெல்லாம் பளிச்சென்று எரியும். எரியட்டும், இந்தத் தடவை நான் ஓட மாட்டேன். பேச்சு ஒன்றும் தயார் செய்யவில்லை. ஒரே ஒரு வரிதான் கேட்கப்போகிறேன்.

"ஏனுங்க, எங்கீங்க போறது?"

கைதட்டுகிறார்களா, சாவியை எடுக்கிறார்களா, பார்த்துவிடுகிறேன்.