செலினுக்காக அளந்த மூன்று வீடுகள்

மறுமுனை

புரோக்கர் பாக்கியநாதன் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே போய் நின்றிருந்தார். “எவ்வளவு சார் வருது?” என்று அங்கிருந்தே கத்தினார். அறுபத்து நான்கு அடி வந்தது. பத்திரத்தில் அறுபத்தொன்று. “வேலிக்கு உள்ளே வந்து நில்லும்” என்றேன். ஓரடி வந்தார். இன்னும் வரச் சொன்னேன். வேலியை ஒட்டி முதுகைச் சாய்த்து, கையை மட்டும் பின்னால் நீட்டி வேலிக்கு அந்தப் பக்கமாகவே பிடித்தார். கடைசியில் நானே போய் அவர் கையை நகர்த்தி வைத்துவிட்டு வந்து பார்த்தபோது அறுபது அடி இருந்தது.

எங்கள் தொழிலில் டேப்பின் ஒரு முனைதான் நம் கையில் இருக்கும். மறுமுனையைப் பிடிப்பவர் விற்பவராகவோ, வாங்குபவராகவோ, புரோக்கராகவோ, பக்கத்து நிலத்துக்காரராகவோ இருப்பார். அவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து நிலம் நீளும், குறுகும். கிராமத்தில் வீடு வாங்க அலைந்தவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். வாங்கும் முன் வீட்டையும் நிலத்தையும் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்பது என் வேலை. பத்திரத்தைவிடக் குறைந்த அந்த ஓரடியைப் பற்றிப் பாக்கியநாதனுக்கு வருத்தம் எதுவுமில்லை.

“நெலம்னா கொஞ்சம் முன்ன பின்ன இருக்கத்தான் செய்யும் சார். நீங்க என்ன துணிக்கடையா வச்சிருக்கீங்க?”

காற்று

அந்த அறுபது அடி வீடு ஆரல்வாய்மொழியில் இருந்தது. வாங்க வந்தவர் செலின். குவைத்தில் பதினாறு வருடம் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பியவர். கணவர் ராஜனுக்கு இரண்டு வருடம் முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. நாகர்கோவிலில் மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமானால் இரண்டு ஆட்டோக்காரர்கள் வந்து நாற்காலியோடு ராஜனைத் தூக்கி இறக்குவார்கள். போன மாதம் படியில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. அதற்குப் பிறகு ராஜன் கீழே இறங்க மறுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை.

“எனக்கு ரெண்டே விஷயந்தான் அண்ணே. படி இருக்கப்பிடாது. ஆட்டோ வாசல் வரைக்கும் வரணும்” என்று முதல்நாளே சொல்லியிருந்தார்.

நாங்கள் பார்த்தது மார்கழி மாதம். இலை அசையவில்லை. தூரத்தில் காற்றாலைகள் நின்றுகொண்டிருந்தன. படி இல்லாத வீடு, நல்ல சுவர். ஆனால் தென்னை நான்கும் கிழக்குப் பக்கம் சாய்ந்து வளர்ந்திருந்தன. மேற்கு ஜன்னல்களை உள்ளிருந்து ஆணி அடித்து மூடியிருந்தார்கள். மேற்குச் சுவரின் பூச்சு மணல் அடித்துச் சொரசொரத்துப் போயிருந்தது. கொடியில் காய்ந்த ஒரே சேலைக்கு ஒன்பது கிளிப். வாசலும் மேற்கே பார்த்துத்தான் இருந்தது. கதவில் மேலும் கீழும் நடுவிலுமாக மூன்று தாழ்ப்பாள்.

வீட்டுக்கார அம்மாளிடம், ஆனி ஆடியில் இந்தக் கதவைத் திறக்க முடியுமா என்று கேட்டேன். செலின் தன் கணவரைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர் என்பது அந்த அம்மாளுக்குத் தெரியாது. உள்ளதைச் சொன்னார்.

“தெறந்துரலாம் சார். அடைக்கதுக்குத்தான் ரெண்டு ஆளு வேணும்.”

புது வெள்ளை

இரண்டாவது வீடு வட்டக்கோட்டை பக்கம். மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். விற்கிறவர் விடுமுறையில் வந்திருந்த கல்ஃப்காரர். திரும்பிப் போவதற்குள் முடித்துவிடவேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார். சரிவான பாதை போட்டிருந்தார்கள், அகலமான கதவு, ஆட்டோ வந்து திரும்ப முற்றம். செலின் ராஜனின் கட்டிலுக்கு அறைகூடத் தேர்ந்துவிட்டார். கிழக்கு ஜன்னல் உள்ள அறை.

அந்த ஒரு அறைக்கு மட்டும் தலைக்கு மேலே கூரையின் அடிப்பக்கத்தில் புதிதாக வெள்ளை அடித்திருந்தது. மற்ற அறைகளில் பழுப்பு. நான் ஏணி வைத்து ஏறிச் சுத்தியல் பிடியால் மெல்லத் தட்டினேன். காலிக் குடத்தைத் தட்டின மாதிரி சத்தம். மூன்றாவது தட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு விழுந்தது. உள்ளே கம்பி துருவேறி அப்பளம் போல ஏடு ஏடாக உரிந்து வந்தது. கடல் மணலில் கலந்த கான்கிரீட். எத்தனை பூசினாலும் நிற்காது.

செலின் விழுந்த துண்டைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தார். “அவரு நாள் முழுக்க இதத்தான் பாத்துட்டுக் கெடப்பாரு” என்றார். வீட்டுக்காரர் குனிந்து துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பத்து வருஷமா ஒண்ணும் விழல்ல சார். நீங்க தட்டினதுனாலதான் விழுந்தது.”

துவைக்கிற கல்

மூன்றாவது, அஞ்சுகிராமத்துக்கு உள்ளே தள்ளி ஓர் ஓட்டு வீடு. எட்வின் சார் என்று ஊரில் சொல்லும் ஓய்வுபெற்ற ஆசிரியர் தனியாக இருந்தார். கோயம்புத்தூரில் மகனோடு போய் இருப்பதற்காக விற்கிறார். வாசலில் அரையடி உயரம்தான், சரிவு போட்டுக்கொள்ளலாம். ஓட்டைத் தாங்கும் கழுக்கோல்களில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன், இறங்கவில்லை. கரையான் இல்லை. நாங்கள் போன ஆட்டோ வாசலிலேயே கொண்டு விட்டது. பாக்கியநாதன் என்னை ஜெயித்துவிட்டவர் போல உட்கார்ந்திருந்தார்.

பின்பக்கம், கொல்லாமரம் என்று நாங்கள் சொல்லும் முந்திரி மரத்தின் அடியில் சிமென்ட் மேடை ஒன்று இருந்தது. வரைபடத்தில் குறிக்கவேண்டும் என்பதால் என்ன என்று கேட்டேன். “துணி தொவைக்க கல்லு” என்றார் எட்வின் சார். ஏழடி நீளம், மூன்றடி அகலம், கிழக்கு மேற்காக. பக்கத்தில் குழாய் இல்லை. தண்ணீர் வடிய ஓடை இல்லை, சரிவும் இல்லை. மேற்கு முனையில் நான்கு விரல் அகலத்துக்குச் சிமென்ட் மட்டும் புதிது. எதையோ பெயர்த்து எடுத்துவிட்டுப் பூசியிருந்தார்கள். நம் மாவட்டத்தில் சொந்த நிலத்திலேயே அடக்கம் செய்கிற குடும்பங்கள் பல. மேற்கே தலை, கிழக்கே கால். நான் அளவை எழுதிவிட்டுப் பென்சிலை எடுக்காமல் நின்றேன். அவரும் புரிந்துகொண்டார்.

“வீட்டுக்காரி” என்றார். “நாலு வருஷமாச்சு. கல்லறைன்னு கேட்டதும் ரெண்டு பார்ட்டி திரும்பிப் போயிட்டு. பாக்கியநாதன்தான் சிலுவைய எடுத்திரும்னு சொன்னாரு. கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன்.” வீடு விற்றுவிட்டால் அவர் இங்கே எந்த உரிமையில் வந்து நிற்பார் என்று யாரும் யோசித்திருக்கவில்லை. அவர் யோசித்திருக்கலாம்.

செலின் மேடையின் ஓரத்தில் கிடந்த சருகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: “தொவைக்க கல்லுன்னு எழுதாதீங்க அண்ணே, கல்லறைன்னே எழுதுங்க. பதினாறு வருஷம் ஐசியூவுல இருந்தவ நான், செத்தவங்கள எனக்கென்ன பயம்? உயிரோட இருக்கவருக்கு வண்டி வருமான்னு மட்டும் பாருங்க.”

மூன்றடி

வண்டி வந்ததே, பிறகு என்ன பார்ப்பது என்று நீங்கள் கேட்கலாம். பாக்கியநாதனும் கேட்டார். பத்திரத்தில் ‘தென்புறம் மூன்றடி நடைபாதை’ என்று இருந்தது. ஆட்டோ மூன்றடியில் வராது. சர்வே ஆபீஸில் வாங்கிய புலப்படத்தை வைத்துக்கொண்டு தேடியதில், வண்டித் தடத்தின் நடுவே மண்ணுக்கு அடியில் எல்லைக்கல் அகப்பட்டது. கல்லுக்குத் தெற்கே இருந்த தடம் முழுவதும் பக்கத்து வாழைத் தோட்டத்தில் சேர்ந்தது.

தோட்டத்துக்காரர் சுயம்பு. அறுபது வயது இருக்கும். தோட்டத்தின் மூலையில் அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் சிறு கோயிலான தாங்கல் ஒன்றும் கட்டிவைத்திருக்கிறார். மண்வெட்டியோடு வந்து கல்லைப் பார்த்தார். வண்டி வரும் அகலத்தை எழுதித் தர முடியுமா என்று கேட்டேன்.

“நாப்பது வருஷமா வாத்தியாரு சைக்கிளும் இதுலதான் வந்தது, ஸ்கூட்டரும் இதுலதான் வந்தது. அந்த அம்மா கெடையில விழுந்தப்ப ஆம்புலன்ஸும் இதுலதான் வந்தது. நான் ஒரு நாளாவது ஒரு முள்ள வெட்டிப் போட்டிருக்கேனா? வரட்டும், போகட்டும். எழுதிக் குடுக்கது வேற காரியம் பாத்துக்கிடுங்க. எழுதினா நாளைக்கு டிப்பர் லாரி வரும்.”

அறிக்கையில் ‘வாகனம் வரும் வழி அடுத்த நிலத்துக்காரரின் தயவில் உள்ளது’ என்று எழுதினேன். சுயம்பு நல்லவர், அவருக்குப் பின் வருகிறவர்கள் எப்படி என்று அளக்கிற டேப் என்னிடம் இல்லை. எழுத்தில் வராமல் வாங்கவேண்டாம் என்று செலினிடம் சொன்னேன். அவர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். முதல்முறையாகக் கோபம் வந்தது போலிருந்தது, என்மேலா வீட்டின்மேலா என்று தெரியவில்லை. பாக்கியநாதனுக்கு அந்தச் சந்தேகம் இல்லை.

“சிஸ்டரு வாங்கதுக்கு ஒங்களக் கூட்டிட்டு வந்தாங்களா சார், வாங்காம இருக்கதுக்குக் கூட்டிட்டு வந்தாங்களா?”

இரண்டு கப்பி

கிணற்றை அளக்காமல் விட்டிருந்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். செலினும் வந்தார். கிணறு முழுவதும் எட்வின் சார் நிலத்தில்தான். ஆனால் கிணற்றில் இரண்டு கப்பி, இரண்டு கயிறு. ஒற்றை ஆள் இருக்கும் வீட்டில் இரண்டாவது கயிறு யாருக்கு? கிணற்றை ஒட்டிய வேலியில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி, அதில் புல் முளைக்காமல் தேய்ந்த தடம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடைவெளி வழியாகச் சுயம்பு குடத்தோடு வந்தார். அவருடைய போர் தண்ணீர் உப்பு. தாங்கலில் பணிவிடை என்னும் வழிபாட்டுக்கு எடுப்பது இந்தத் தண்ணீர்தான். இதுவும் நாற்பது வருடமாக, இதுவும் எழுத்தில் இல்லாமல்.

அவர் தண்ணீர் கோரி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, வீடு கைமாறினால் வேலியை அடைக்கிற உரிமை புதியவருக்கு உண்டு என்று சொன்னேன். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, அதுவும் அறிக்கையில் வரவேண்டிய விஷயம். குடத்தை இறக்கி வைத்தார். எட்வின் சார் இருக்கும்வரை அவருக்கு இப்படி ஒரு நினைப்பே வந்திருக்காது.

“நான் அடைக்கமாட்டேன் அண்ணாச்சி. எப்ப வேணும்னாலும் வந்து எடுங்க” என்றார் செலின்.

சுயம்பு யோசிக்காமல் கேட்டார்: “வாயால சொன்னாப் போதுமா மக்ளே?”

கேட்டுவிட்டு அவரே வண்டித் தடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பத்திரம்

பேசி முடிவானது இதுதான்: வழிக்குச் சுயம்பு எழுதிக் கொடுப்பது, டிப்பர் லாரி வரக்கூடாது என்ற நிபந்தனையோடு. தண்ணீருக்குச் செலின் எழுதிக் கொடுப்பது. எட்வின் சாரும் அவர் பிள்ளைகளும் கல்லறைக்கு எந்த நாளும் வந்து போகலாம் என்று ஒரு வரி. இதைச் செலின்தான் சேர்க்கச் சொன்னார். எட்வின் சார் அந்த வரியைக் கண்ணாடி போட்டு ஒருமுறையும் கழற்றிவிட்டு ஒருமுறையும் படித்தார். அந்த மூன்றடியையும் சேர்த்து வழியின் அகலம் எவ்வளவு என்பது மட்டும் முடிவாகவில்லை. ஏழடி என்றார் சுயம்பு, எட்டடி கேட்டேன் நான். அளந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று வரைவில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தோம். பத்திரம் எழுதுகிறவர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நான் இருபத்தஞ்சு வருஷமா எழுதுகேன். வீட்ட விக்கதுக்கு முந்தி இப்பிடி எல்லாரும் சேந்து குடும்பமா ஆகி நான் பாத்ததில்ல.”

அளவு

நிலத்தை அளப்பதில் கஷ்டம் எதுவும் இல்லை, அளக்கும்போது ஆட்களை ஓரிடத்தில் நிற்கவைப்பதுதான் கஷ்டம் என்பதே இத்தனை வருடத்தில் நான் கற்ற தொழில்.

வழிக்குக் கல் நட நாங்கள் போன காலையில், செலின் ராஜனை ஆட்டோவில் அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு மட்டும் மாடியிலிருந்து இறங்க ராஜன் சம்மதித்திருந்தார். நடைபாதையின் வீட்டுப் பக்க ஓரத்தில் டேப்பின் பெட்டியை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். மறுமுனை சுயம்பு கையில். முதல் வாழையை ஒட்டி நின்றிருந்தார். ஏழே முக்கால் அடி இருந்தது.

ஆட்டோ வந்தது. நேராக வந்த வண்டி வாசலுக்குத் திரும்புகிற இடத்தில் திரும்ப முடியாமல் நின்றது. முன்பு எங்களைக் கொண்டு விட்ட ஆட்டோ போல வாழைப் பாத்தியில் முன்சக்கரத்தை ஏற்ற மனமில்லாமல் டிரைவர் பின்னால் எடுத்தார். மறுபடி முன்னால், மறுபடி பின்னால். ஒவ்வொரு முறையும் ராஜன் வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சரிந்து நிமிர்ந்தார். செலின் அவர் நெஞ்சுக்குக் குறுக்கே கையைக் கொடுத்திருந்தார். நான்காவது முறை வண்டி திரும்பி வாசலுக்குப் போயிற்று. எட்வின் சார் சக்கர நாற்காலியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள். பாக்கியநாதன் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

என் கையிலிருந்த பெட்டியிலிருந்து டேப் மெல்ல இழுபட்டது. நிமிர்ந்து பார்த்தேன். சுயம்பு குலை தள்ளாத ஒரு வாழையைக் காலால் ஒதுக்கிவிட்டு, தன் தோட்டத்துக்குள் இரண்டு சின்ன எட்டு வைத்துப் பின்னால் போய், டேப்பின் முனையைத் தரையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு குந்தியிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

வரைவில் காலியாக விட்டிருந்த இடத்தில் பத்தரை என்று எழுதினேன்.