தகப்பனைவிட மூத்த பிள்ளை

என் அக்காள் லுயிக்காவின் புருஷன் ஹெனெலே எங்கள் தீவின் மாட்டுப் பண்ணை ஊரான வைமெயாவிலேயே பிறந்து வளர்ந்தவர். பண்ணையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவரை ஒருநாள் குதிரை வேலிமேல் தூக்கி எறிந்தது. இடுப்பு போனது, கிட்டார் வாத்தியார் ஆனார். விழுந்தது அவர், அடிபட்டது நான்தான் என்பாள் அக்காள். அன்று முதல் மனிதர் வீட்டிலேயே இருக்கிறாராம்.

சனிக்கிழமைதோறும் தேவாலயக் கூடத்தில் பாடம். கம்பிகளைத் தளர்த்தி வாசிக்கும் எங்கள் வாசிப்பை யார் வந்தாலும் சொல்லிக்கொடுப்பார். கேள்வி மட்டும் கேட்கக் கூடாது. கேட்டவரைத் தூறலில் நின்று யோசித்துவிட்டு வரச் சொல்வார். எங்கள் ஊரில் தூறலுக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் ஒரு சுருதி மட்டும் யாருக்கும் கிடையாது. எந்தக் கம்பியை எவ்வளவு தளர்த்துவது என்பது அவருடைய அப்பா விட்டுப்போன குடும்பச் சொத்து. வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்று சத்தியமும் வாங்கியிருந்தார். அந்தச் சுருதியில் வாசிக்கும்போது ஹெனெலே சபைக்கு முதுகைக் காட்டி உட்காருவார். கழிப்பறைக்குப் போவதென்றாலும் கம்பிகளைக் கலைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். பிள்ளை இல்லாத மனிதருக்கு இத்தனை பத்திரம் எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அதற்காக நாக்கைத் தொங்கப்போட்டு அலைந்தவர் மோகே. ஹெனெலேயைவிட ஏழு வயது மூத்தவர், பழைய பண்ணைக் கூட்டாளி, அதைவிடப் பழைய எதிரி. ஜன்னலுக்குக் கீழே ஒளிந்து கேட்கப்போய் எங்கள் பன்றி துரத்த ஓடியவர்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"எம் பொண்டாட்டிக்குக் காது போய்க்கிட்டிருக்குடா. ஒண்ணு போயாச்சு. இன்னொண்ணும் கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்காதுன்னுட்டாரு டாக்டரு. உன் வீட்டுப் பாட்டை என் கையால ஒரு தடவை கேக்கணுமாம்."

"நானே வந்து வாசிக்கிறேனே."

"நீ என்ன அவ புருஷனா?"

அன்று ஹெனெலே தன் பங்குப் பன்றிக்கறியைக்கூட என் தட்டில் தள்ளிவிட்டார். ஒரு பக்கம் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு, ஒரு பக்கம் மோகேயின் பெண்டாட்டி லஹாபாவின் காது. முடிச்சை அவிழ்த்தவள் என் அக்காள்.

"வீட்டைவிட்டு வெளிய போகக் கூடாது, அவ்வளவுதானே? அந்த ஆளை வீட்டுக்குள்ள எடுத்துக்க."

அடுத்தவர் பிள்ளையை நம் பிள்ளையாக எடுத்துக்கொள்வதை ஹானாய் என்போம். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படி வளர்ந்தவர்கள்தான். ஆனால் தாடி நரைத்த பிள்ளையை யாரும் எடுத்ததில்லை.

"அப்பான்னு கூப்பிடு" என்றார் ஹெனெலே, மறுநாள் வந்து நின்ற மோகேயிடம்.

"வாய் கூசுதுடா."

"டாவா? பெத்த அப்பனையா?"

"நீ எங்கடா பெத்த?"

மோகே பன்றிக்குத் தீனி வைத்தார், கூரை ஒழுகலை அடைத்தார். அக்காள் அவரைப் பிடித்து உட்காரவைத்துத் தலை சீவிவிட்டாள். லஹாபா வேறு வேலிக்கு அப்பாலிருந்து, "மாமனாரே, உங்க பிள்ளை சரியாப் பல்லு விளக்குறதில்ல" என்று கத்துவாள். விழுந்து விழுந்து சிரித்தோம்.

பாடம் மட்டும் விளையாட்டாக இல்லை. முதல் தடவையாக ஹெனெலே ஒரு மனிதருக்கு முகம் காட்டி அந்தச் சுருதியை வாசித்தார். மோகேயின் விரல்கள் கயிறு பிடித்துக் காய்த்தவை, மடங்கவே மறுத்தன. "இது விரலா, விறகா?" என்று வாத்தியார் திட்டுவார். பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே மறுபடி தொடங்குவார். இதற்குள் லஹாபாவிடம் எதைச் சொன்னாலும் இரண்டு தடவை கத்த வேண்டியதாயிற்று. முந்திக்கொள்வது பாட்டா, செவிடா என்று நான் நாள்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, மோகே வீட்டு அடுப்படியில் நாங்கள் மட்டும் கூடினோம். மோகே வாசித்தார். லஹாபா நாற்காலியை இழுத்துப்போட்டு, மிச்சமிருந்த காதைக் கிட்டாரின் வயிற்றோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். இரண்டு இடத்தில் தப்பு விழுந்தது. ஹெனெலே பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார்.

முடிந்ததும் லஹாபா புருஷன் காதில் ரகசியம் சொன்னாள். காது கேளாதவள் சொல்லும் ரகசியம். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"ஹெனெலே இதைவிட நல்லா வாசிப்பான். ஆனா நீ வாசிச்சாத்தான் எனக்குக் கேக்குது."

எல்லாரும் ஹெனெலேயைப் பார்த்தோம். தன் வாசிப்பைப் பற்றி அரை வார்த்தை சொன்னால்கூட மாதக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர் அவர். தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னடா பாத்துக்கிட்டிருக்க? நிறுத்தாதே" என்றார். "காது இருக்கும்போதே வாசிடா, மகனே."