கௌரியின் வீட்டில் கௌரிக்கு எந்த அறை?

வெளிநாட்டில், செவன் கிங்ஸ் என்ற இந்த ஊரில், எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டாத பொருளை வீட்டு முன்மதிலோரம் வைத்துவிடுவார்கள். விரும்பியவர் எடுத்துப் போகலாம். என் மூத்த மகள் கௌரியோடு நான் இருக்கும் இந்த வீட்டில், நாற்காலி, மேசை என்று தளபாடத்தில் பாதி இப்படி வந்தது என்று தெரிந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சென்ற வாரம் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி ஒரு நாற்காலியை வெளியே வைத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றதை ஆசை என்று எடுத்துக்கொண்டு, "கூச்சப்படாமல் கொண்டுபோங்கள்" என்றாள். ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவனுக்குச் சுருக்கென்றது. எங்களுக்கு யாழ்ப்பாணத்தில் மாடிவீடு இருக்கிறது, என் மகள் கட்டியது என்று நிமிர்ந்து சொன்னேன். "எவ்வளவு நல்லது! வயதான காலத்தில் அவள் அங்கே போய் இருக்கலாம்" என்று சிரித்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அந்த யாழ்ப்பாணத்து வீட்டில் கௌரிக்கு இடமில்லை. இல்லாமல் செய்தவன் நான். படத்தில் மட்டும் பார்த்த ஒருவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்து இங்கே அனுப்பினேன். அவன் எப்படிப்பட்டவன் என்று விசாரிக்கவில்லை. விசா இருக்கிறதா என்று விசாரித்தேன். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்து அவள் அனுப்பிய காசில் வீடு எழும்பியது. எழும்பியதும் இளையவள் சுதாவுக்குச் சீதனமாக எழுதினேன். கௌரியிடம் ஒரு சொல் கேட்கவில்லை. வெளிநாட்டில் வாழ்கிறவளுக்கு ஊரில் வீடு எதற்கு என்று, இதைப் படிக்கும் தகப்பன்மாரே, நீங்கள் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். குடும்பப் பொறுப்பு என்று அதற்குப் பெயரும் வைத்தோம். இன்று எனக்குத் தெரிந்த பெயர் திருட்டு.

நாற்காலி வந்த அன்று பின்னேரமே சுதா வீடியோவில் வந்தாள். "அப்பா, மேல புது ஏசி வாங்கிப் பூட்டவேணும், அக்காவிட்டச் சொல்லுங்கோ. பிள்ளையளுக்கு வெக்கை தாங்கேலாது."

"அந்த வீட்டில அக்காவுக்கு எந்த அறை?"

"இதென்ன கேள்வி? விருந்தாளியள் வந்தா முன்னறை குடுக்கிறனாங்கள்தானே."

"விருந்தாளியோ? கட்டினவளடி அவள்!"

"என்னில ஏன் பாயுறியள்? எழுதித் தந்தது நீங்கள்தானே?"

ஷிப்ட் முடிந்து கௌரி எப்போது வந்து பின்னால் நின்றாளோ தெரியாது. "சத்தம் போடாதேங்கோ அப்பா" என்று போனை வாங்கினாள்.

"ஒரு சதமும் அனுப்பாதை" என்றேன்.

"இவ்வளவு நாளும் அனுப்பு எண்டு சொன்னதும் உங்கட வாய்தான்" என்றாள் அவள், என்னைப் பாராமலே.

மதிலோரத்திலிருந்து நான் தூக்கி வந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. காசு மிச்சம் பிடிக்க, பகலில் இந்த வீட்டில் ஹீட்டர் போடுவதில்லை. குளிரில் விறைத்த விரல்களைக் கைக்குள் ஊதிக்கொண்டு யாழ்ப்பாணத்து ஏசியின் விலை கேட்டாள்.

"முன்னறைக்கும் ஒரு ஏசி பூட்டு, சுதா" என்று சிரித்தாள். "விருந்தாளிக்கும் வெக்கைதானே."

சுதாவுக்கு விளங்கவில்லை. "ஓமக்கா, அப்ப ரெண்டாப் பூட்டுவம்" என்றாள்.